நான்காம் நாள் ரத்தம்

சீலோவே தீவில் பிப்ரவரியைக் கோடை என்பார்கள்.
மழை கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.
அன்கூத் மருத்துவமனையின் பின்பக்க அறையில்
குளிர்பெட்டி உறும, நான்.
யாஸ்னா சிகுவாய்.
ஊரார் ரத்தத்திடம் பேச்சுக் கொடுப்பது என் வேலை.

குழாயில் ஒட்டிய சீட்டு சொன்னது:
ஆர்தெமியோ ரெமோல்கோய். நாற்பத்தேழு. விறகு வெட்டி.
காய்ச்சல், நான்காம் நாள். மேலெல்லாம் செம்புள்ளி.
ஓரத்தில் மருத்துவர் பாவேஸின் கோழிக்கிறுக்கல்:
"இடுப்பு வாருக்குக் கீழே ஒரு கரும்பொருக்கு.
சிகரெட் சுட்டதா என்றேன். புகைப்பதே இல்லையாம்."

முதலில் பழைய திரட்டுச் சோதனை.
திருடன் கையில் இல்லாததால்
அவன் சாயலில் வேறொருவனை நிறுத்தி
இவனைத் தெரியுமா என்று ரத்தத்தைக் கேட்பது.
ரத்தம் யோசித்தது.
தெளிவாகவே இருந்தது, திரளவில்லை.
நானாக இருந்தாலும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

பதினைந்து நிமிடப் பட்டை.
ஒரே கோடு,
நான் பழுதில்லை என்று மட்டும் சொல்லும் கோடு.
பெட்டியின் அடியில் பொடி எழுத்து:
ஆசியக் கிருமிகளைக் கொண்டு செய்தது.
எங்கள் தீவுக் கிருமி அவற்றுக்கு தூரத்துப் பங்காளி.
கல்யாண வீட்டில் எதிரே வந்தாலும்
முகம் தெரியாமல் கடந்துபோகும் உறவு.

எலைசாவில் மஞ்சள் ஏறவேண்டிய குழி
வெளிறிக் கிடந்தது.
எந்த எண்ணுக்கு மேல் நோய் என்ற கோட்டை
அந்தந்த ஊர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.
நாங்கள் இன்னும் பென்சிலால்தான் போட்டிருக்கிறோம்.

பிறகு இருட்டறை.
மாற்றுக் குறையாத தங்கம் என்று பேரெடுத்த சோதனை,
பச்சையாய் ஒளிர்ந்தால் ஆமாம்.
நிபால்தோ லென்சில் குனிந்து, "லேசாக இருக்கிறது" என்றான்.
நான் குனிந்தேன். "இல்லை."
மறுபடி அவன். மறுபடி நான்.
தங்கம் இரண்டு ஜோடிக் கண்ணுக்கு நடுவே தொங்கியது.

ரத்தத்தையும் குற்றம் சொல்ல முடியாது.
நான்காம் நாளில் காவல்காரன்
அப்போதுதான் எழுந்து செருப்பைத் தேடுகிறான்.

மிச்சம் அந்தப் பொருக்கு.
மைசூர்ப் பருப்பளவு. பாவேஸே பெயர்த்துத் தந்தார்.
பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து
கால்வாய்க்கு அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும்.
காற்று அடித்தது. துறையை மூடினார்கள்.
செத்த தோலின் துணுக்கு
இரண்டு நாள் படகுக்குக் காத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை திரையில் வந்தது:
இருபத்தேழாம் சுற்றில் ஒரு கோடு
படுக்கையிலிருந்து எழுகிறவன் போல் எழுந்தது.
அதே ஆளின் ரத்தத்துக்கு, அதே கருவியில், தட்டைக் கோடு.

வார்டுக்கு ஓடினேன்.
கட்டிலில் வேறு யாரோ.
"ரெமோல்கோயா? சனிக்கிழமையே போய்விட்டாரே."
வந்த மாலையே பாவேஸ்
டாக்ஸிசைக்ளின் கொடுத்துவிட்டிருந்தார்.
கையில் சோதனை முடிவு ஒன்றும் இல்லாமல்.

இரண்டு வாரம் கழித்து மறு ரத்தம் கொடுக்க வந்தார்,
சட்டையில் மரத்தூள்.
இப்போது பட்டையில் இரண்டாம் கோடு,
குழியில் மஞ்சள், இருட்டறையில் பச்சை,
ஊர் கலைந்தபின் மேளம் அடிப்பதுபோல்.
"அப்படியானால் எனக்கு நிஜமாகவே நோய்தானா?" என்றார்.
நிஜம்தான் என்றேன்.
"நல்லது. மனைவி நம்பவில்லை."

ஒப்பீட்டு அட்டவணை நிரப்புகிறேன்:
சோதனை, எத்தனையாம் நாள், விடை, செலவு.
கடைசி வரிசையில் எழுதினேன்:
சட்டையை உயர்த்திப் பார்த்தல், முதல் நாள், ஆமாம், செலவில்லை.
தலைநகரில் அடித்துவிடுவார்கள். அடிக்கட்டும்.
அது எப்போதும் பலிக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

இதோ, இன்றைய குழாய்.
ஓரியானா மில்யாலோன்கோ. முப்பத்தொன்று. மூன்றாம் நாள்.
பொருக்கு: இல்லை.
அந்த "இல்லை"யை இரண்டு முறை படிக்கிறேன்.
அக்குளில் பார்த்தார்களா, முடிக்குள்ளே, மார்புக்கு அடியில்?
பாவேஸ் விடுப்பில்.
ஒரு கையில் பட்டையைப் பிரித்தபடி
மறு கையில் வார்டு எண்ணை அழுத்துகிறேன்.
மணி அடிக்கிறது.
எடுக்கவில்லை இன்னும்.